54, 55, 56: ப்ரானி ஜேம்ஸ் அந்த ஒப்பந்தத்துக்குத் தகுதியானவரா?

2024 ஜூன் 27 அன்று, அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசைப்படி புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், இரண்டாம் சுற்றின்போது அடுத்தடுத்து மூன்று பெயர்கள் வாசிக்கப்பட்டன. 54ஆவது ஆன்டன் வாட்சன், பாஸ்டன் செல்டிக்ஸுக்கு. 55ஆவது ப்ரானி ஜேம்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு. 56ஆவது கெவின் மெக்கல்லர். அவருடைய உரிமை நியூயார்க் நிக்ஸ் கைக்குப் போனது.

வாட்சனுக்கும் மெக்கல்லருக்கும் கிடைத்தது டூ-வே ஒப்பந்தம். ப்ரானிக்குக் கிடைத்தது நான்கு ஆண்டு, ஏறத்தாழ 79 லட்சம் டாலர் மதிப்புள்ள முழு ஒப்பந்தம்.

லெப்ரான் ஜேம்ஸின் மகன் என்பதால்தான் இது கிடைத்ததா என்று அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் திருப்தி இல்லை. ஒரு பக்கம் பையனை அப்பாவோடு வைத்து அளக்கிறார்கள். லெப்ரான் 2003 டிராஃப்டில் முதல் ஆளாக வந்தவர், நான்கு சாம்பியன்ஷிப் வென்றவர், என்பிஏ வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். அந்தத் தராசில் ஏற்றினால் முப்பது அணிகளின் 450 இடங்களில் இருக்கும் ஏறக்குறைய எல்லோருமே தகுதி இல்லாதவர்கள்தான். இன்னொரு பக்கம், பாவம் சின்னப் பையன், விட்டுவிடுங்கள் என்கிறார்கள். அதுவும் பதில் ஆகாது. ஒப்பந்தம் என்றால் அங்கே ஓர் இடம் நிரம்புகிறது, இன்னொருவர் வெளியே நிற்கிறார்.

பள்ளி நாட்களில் மாவட்ட அணித் தேர்வுக்குப் போய், இரண்டு நாள் வெயிலில் ஓடி, பட்டியல் ஒட்டியபோது பெயர் இல்லாமல் பஸ் ஏறியவன் நான். அன்றிலிருந்து எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் கடைசிப் பெயரையும், அதற்குக் கீழே வராமல் போன பெயரையும்தான் என் கண் தேடும். அதனால் இந்த வழக்கில் ப்ரானியை லெப்ரானோடு வைத்துப் பார்க்கப் போவதில்லை. 54ஓடும் 56ஓடும் வைத்துத்தான் பார்க்கப் போகிறேன்.

அப்புறம் ஒன்று. கையெழுத்துப் போட்ட நாளில் என்ன தெரிந்திருந்ததோ அதை வைத்துத்தான் ஓர் ஒப்பந்தத்தை எடைபோட வேண்டும். பின்னால் நடந்தது அந்த எடையைச் சரிபார்க்க உதவும், அவ்வளவுதான். ஆகவே 2024 ஜூலையில் தொடங்கி அவருடைய முதல் பருவம் முடிந்த 2025 ஏப்ரலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தாளில் இருந்தது என்ன

டூ-வே ஒப்பந்தம் என்றால் என்ன என்று முதலில் தெரிய வேண்டும். என்பிஏ அணி ஒவ்வொன்றுக்கும் 15 முழு இடங்கள். அதற்கு வெளியே மூன்று டூ-வே இடங்கள். டூ-வே வீரர் பெரும்பாலும் ஜி லீக் என்ற கீழ்நிலை லீகில் ஆடுவார். மேல் அணி கூப்பிட்டால் போவார். ஒரு பருவத்தில் அதிகபட்சம் 50 என்பிஏ ஆட்டங்களுக்குத்தான் அவரைப் பயன்படுத்தலாம். பருவ முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் ஆட முடியாது. 2024-25இல் சம்பளம் சுமார் 5.79 லட்சம் டாலர், அதாவது புதுமுகக் குறைந்தபட்சத்தில் சரி பாதி. அணி நினைத்தால் பருவத்தின் நடுவிலேயே விடுவித்துவிட்டு வேறொருவரை எடுத்துக்கொள்ளும்.

ப்ரானியின் தாளில் முதல் ஆண்டு 11.57 லட்சம் டாலர். இரண்டாம் ஆண்டு 19.5 லட்சம், மூன்றாம் ஆண்டு 22.9 லட்சத்துக்குச் சற்று மேல். நான்காம் ஆண்டு 24.8 லட்சத்துக்கு மேல், ஆனால் அந்த ஆண்டு அவரை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது அணியின் விருப்பம். 2023இல் லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே வந்த புதிய தொழிலாளர் ஒப்பந்தத்தில் இரண்டாம் சுற்று வீரர்களுக்கென்றே ஒரு தனி விலக்கு கொண்டுவந்தார்கள். சம்பள வரம்பைத் தாண்டிவிட்ட அணியும் அதைக் கொண்டு இந்த மாதிரி மூன்று அல்லது நான்கு ஆண்டு ஒப்பந்தம் போடலாம். லேக்கர்ஸ் பயன்படுத்தியது அதைத்தான். விதியை மீறி எதுவும் நடக்கவில்லை.

தொகையைப் பெரிதாக்க வேண்டாம். அந்தப் பருவத்தில் ஓர் அணியின் சம்பள வரம்பு 14 கோடியே 5 லட்சம் டாலருக்கு மேல். ப்ரானியின் முதல் ஆண்டுச் சம்பளம் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வழக்கு பணத்தைப் பற்றியதல்ல. 15 நாற்காலிகளில் ஒன்றைப் பற்றியது, அதைவிட முக்கியமாக அந்த நாற்காலியில் எத்தனை நாள் உட்காரலாம் என்பதைப் பற்றியது.

கையெழுத்துக்கு முன் இருந்த ஆதாரம்

பள்ளிக்கூடத்தில் ப்ரானி நல்ல வீரர். லாஸ் ஏஞ்சலஸின் சியரா கேன்யன் பள்ளி, 2023இல் மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன் தேர்வு. நாட்டின் மிகச் சிறந்த பள்ளி வீரர்களுக்கு மட்டும் கிடைக்கும் இடம் அது. பெயருக்காக ஓர் இடம் கூடக் கிடைத்திருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு, ஆனாலும் அந்த வயதில் அவர் டிஃபென்ஸ் ஆடிய விதத்தைப் பார்த்தவர்கள் அவரைச் சும்மா வந்தவர் என்று சொன்னதில்லை.

பிறகு 2023 ஜூலை 24. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில், பயிற்சியின்போது கேலன் சென்டர் ஆடுகளத்தில் இதயம் நின்று விழுந்தார். வயது 18. பிறவியிலேயே இருந்த இதயக் குறை என்று பின்னர் தெரிந்தது, சிகிச்சை நடந்தது. ஐந்து மாதம் முடியும் முன்பே, டிசம்பர் 10 அன்று, லாங் பீச் ஸ்டேட் அணிக்கு எதிராகக் களம் இறங்கினார். அன்று 4 புள்ளி, 3 ரீபவுண்ட் (கூடையில் விழாத பந்தைப் பிடித்தது), 2 அசிஸ்ட் (கூடைக்கு வழிசெய்த பாஸ்). பின்னாலிருந்து துரத்தி வந்து அப்பாவின் பாணியில் ஒரு பிளாக். ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள், ஆனால் அந்தப் பையன் மறுபடியும் ஓடுகிறான் என்பதே அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. எனக்கும்தான்.

அந்தப் பருவத்தின் மொத்தக் கணக்கு: 25 ஆட்டம், ஆட்டத்துக்கு 19 நிமிடத்துக்குச் சற்று மேல், 4.8 புள்ளி, 2.8 ரீபவுண்ட், 2.1 அசிஸ்ட். எறிந்த ஷாட்களில் விழுந்தது 36.6 சதவீதம். மூன்று புள்ளி ஷாட்டில் 26.7 சதவீதம். அணி 15 வெற்றி, 18 தோல்வி. இந்த எண்களோடு ஒரு வேறு பையன் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் கல்லூரியில் இரு என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

மே மாதம் சிகாகோவில், டிராஃப்டுக்கு முன் வீரர்களை அளந்து சோதிக்கும் கம்பைனில், இரண்டு செய்தி வந்தன. கெட்டது: கல்லூரிக் குறிப்பில் 6 அடி 4 அங்குலம் என்றிருந்தவர் ஷூ இல்லாமல் 6 அடி 1.5 அங்குலம்தான். அந்த உயரத்துக்கு என்பிஏவில் பந்தை நடத்தத் தெரிய வேண்டும், இல்லை குறி தப்பாமல் எறியத் தெரிய வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் இரண்டையும் அவர் காட்டவில்லை. நல்லது: 40.5 அங்குலம் குதித்தார், கை விரிப்பு 6 அடி 7 அங்குலத்துக்கு மேல், ஒரு எறிதல் பயிற்சியில் 25க்கு 19 மூன்று புள்ளி போட்டார். லீகின் மருத்துவக் குழுவும் ஆடலாம் என்று அனுமதி கொடுத்தது.

அந்த ஆதாரத்தை மட்டும் கையில் கொடுத்து, மேலே இருக்கும் பெயரை மறைத்துவிட்டால் நான் என்ன எழுதுவேன்? கையும் காலும் நன்றாக இருக்கும், டிஃபென்ஸில் மனசு வைக்கும், இதயக் கோளாறால் ஒரு பருவத்தைப் பாதி இழந்த 19 வயது கார்டு, அதாவது பந்தை நடத்தும் வெளிவட்ட வீரர். எறிதல் நிரூபணமாகவில்லை. இரண்டு மூன்று வருஷம் ஜி லீகில் வைத்து வளர்க்க வேண்டும். முடிவு: இரண்டாம் சுற்றின் கடைசியில் எடுக்கலாம், அல்லது டிராஃப்டுக்குப் பிறகு கூப்பிட்டுப் பேசலாம். ஒப்பந்தம் டூ-வே.

55ஆவது இடம்

டிராஃப்டில் எடுத்தது தப்பு என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அந்த ஆண்டு மொத்தமே 58 தேர்வுகள்தான். 55ஆம் இடம் என்பது லாட்டரிச் சீட்டு மாதிரி. பெரும்பாலானோர் அங்கிருந்து எங்கும் போவதில்லை, எப்போதாவது ஒருவர் போகிறார். 2009இல் அதே 55ஆம் இடத்தில் வந்த பாட்டி மில்ஸ் 2014இல் சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸோடு சாம்பியன். 2021இல் 55ஆவதாக வந்த ஆரன் விகின்ஸ், ஓக்லஹோமா சிட்டியில் டூ-வேயில் தொடங்கி, 2024 கோடையில் ஐந்து ஆண்டுக்கு 4 கோடியே 70 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார், 2025இல் சாம்பியனும் ஆனார். அந்தச் சீட்டை ஒரு 19 வயதுப் பையன்மேல் செலவழிப்பதில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

ஆனால் அந்த இடத்துக்கு ப்ரானி வந்த விதம் நேராக இல்லை. டிராஃப்ட் ஒளிபரப்பிலேயே, முன்பு கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியை நடத்திய பாப் மையர்ஸ் அதைச் சொன்னார்: ஏஜென்ட் ரிச் பால் மற்ற அணிகளுக்குப் போன் போட்டு, ப்ரானியை எடுக்காதீர்கள், எடுத்தால் பையன் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடுவான் என்கிறார். ரிச் பால் லெப்ரானுக்கும் ஏஜென்ட். வழக்கமாக ஏஜென்ட் தன் ஆளை எடுக்கச் சொல்லித்தான் கெஞ்சுவார். இங்கே எடுக்காதே என்று சொல்ல முடிந்தது, ஏனென்றால் போய்ச் சேர வேண்டிய வீடு முன்பே முடிவாகியிருந்தது.

இது விதிப்படி குற்றமில்லை. இரண்டாம் சுற்றில் பல ஏஜென்ட்கள் தங்கள் ஆளுக்குப் பொருத்தமான அணியைத் தேடி இப்படிச் செய்வதுண்டு. ஆனால் ஒன்று நிச்சயம். போட்டிக்கு யாரும் இல்லாத ஏலத்தில் விலை எப்படி ஏறியது? அந்தக் கேள்விதான் நம்மை நான்கு ஆண்டுத் தாளுக்குக் கொண்டுபோகிறது.

நான்கு ஆண்டு யாருக்கு

ஜூலை தொடக்கத்தில் செய்தியாளர்கள் முன் ப்ரானியையும், முதல் சுற்றில் 17ஆவதாக எடுத்த டால்டன் கெனெக்டையும் உட்கார வைத்தார்கள். புதிய பயிற்சியாளர் ஜேஜே ரெடிக், அவர் பொறுப்பேற்றே சில நாள்தான் ஆகியிருந்தது. லெப்ரானோடு சேர்ந்து பாட்காஸ்ட் நடத்தியவர். தாங்கள் ப்ரானிக்கு எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை, அவர் உழைத்துச் சம்பாதித்தது என்றார் அவர்.

அந்த இடத்தில்தான் நான் நிற்கிறேன். உழைத்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதயம் நின்று விழுந்து, ஐந்து மாதத்துக்குள் களத்துக்கு வந்த பையனை உழைக்காதவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஆன்டன் வாட்சன் கொன்சாகா பல்கலைக்கழகத்தில் ஐந்து பருவம் ஆடினார். கடைசிப் பருவத்தில் ஆட்டத்துக்கு 14.5 புள்ளி. மெக்கல்லர் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்காக 18.3 புள்ளி எடுத்தார், நாட்டின் சிறந்த விங் (ஓரத்தில் ஆடும்) வீரர்களில் ஒருவர் என்று பேசப்பட்டார். முழங்கால் காயம் அவரைக் கீழே தள்ளியது. அவர்களும் உழைத்தவர்கள்தான். அவர்களுக்கு டூ-வே. 53ஆவதாக வந்து மெம்ஃபிஸுக்குப் போன கேம் ஸ்பென்சர், கனெக்டிகட்டோடு அதே ஆண்டு கல்லூரி சாம்பியன், அவருக்கும் டூ-வே. 57ஆவதாக வந்த உல்ரிக் சோம்ஷேக்கும் டூ-வே.

பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரித் தாளில் கையெழுத்துப் போடும்போது நடுவில் ஒருவருக்கு மட்டும் வேறு தாள் வருகிறது. அதற்கு ஆடுகளத்தில் காரணம் தேடினேன். கல்லூரிக் கணக்கில் இல்லை, உயரத்தில் இல்லை. புதுமுகங்களை ஆடவிட்டுப் பார்க்கும் கோடைப் போட்டியான சம்மர் லீகிலும் வரவில்லை: முதல் நான்கு ஆட்டங்களில் அவர் எறிந்த மூன்று புள்ளி ஒன்றுகூட விழவில்லை. அதுவும் கையெழுத்துக்குப் பிறகுதான் நடந்தது. ஆகவே என் முடிவு நேரானது. 2024 ஜூலையில், ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், ப்ரானி ஜேம்ஸ் ஒரு டூ-வே ஒப்பந்தத்துக்குத் தகுதியானவர். நான்கு ஆண்டு ஒப்பந்தத்துக்கு இல்லை. இடையில் உள்ள வித்தியாசம் அப்பாவின் பெயர்.

லேக்கர்ஸ் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும், அதில் வலு இருக்கிறது. லெப்ரான் அதே வாரத்தில் இருப்பதா விலகுவதா என்று தானே முடிவு செய்யக்கூடிய தன் 5 கோடி டாலர் சொச்ச விருப்ப ஆண்டை விட்டுவிட்டு, தன் சம்மதமில்லாமல் வேறு அணிக்கு மாற்றிவிட முடியாத நிபந்தனையோடு புதிய இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டார். அணி இரண்டாம் ஏப்ரன் என்னும் கடுமையான சம்பளக் கோட்டை ஒட்டி நின்றது. அதைத் தாண்டிவிடக் கூடாது என்பதற்காக லெப்ரானே தன் சம்பளத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டார். கோட்டுக்கும் அணிக்கும் இடையில் மிஞ்சியது 50 ஆயிரம் டாலருக்கும் குறைவு. இந்த நெருக்கடியில் 15ஆவது நாற்காலியில் அனுபவமுள்ள ஒருவரை உட்கார வைத்தால் கணக்கில் ஏறக்குறைய 20.9 லட்சம் டாலர் ஏறும். டிராஃப்டில் எடுத்த புதுமுகத்தை வைத்தால் 11.57 லட்சம். முழு ஒப்பந்தங்களில் இதைவிட மலிவான நாற்காலி கிடையாது. அதாவது ப்ரானியை 15ஆவது ஆளாக வைத்தது கணக்குப் பிள்ளையின் பார்வையில் புத்திசாலித்தனம்.

அதோடு லேக்கர்ஸுக்கு இந்தத் தாள் புதிதும் அல்ல. 2023இல் 40ஆவதாக எடுத்த மேக்ஸ்வெல் லூயிஸுக்கும் நான்கு ஆண்டு கொடுத்தார்கள். அவர் என்ன ஆனார் தெரியுமா? 2024 டிசம்பரில் டி'ஆஞ்சலோ ரசலோடு சேர்த்து ப்ரூக்ளினுக்கு அனுப்பப்பட்டார், வீரர் மாற்றத்தில் இரு அணிகளின் சம்பளக் கணக்கை ஈடுகட்டி நிரப்ப. இரண்டாம் சுற்று நான்கு ஆண்டு ஒப்பந்தத்தின் நடைமுறை வாழ்க்கை இதுதான். ப்ரானியின் தாளும் லூயிஸின் தாளும் எழுத்தில் ஒரே குடும்பம். ஆனால் ப்ரானியைச் சம்பளம் நிரப்ப ப்ரூக்ளினுக்கு அனுப்புவார்கள் என்று அந்தப் பருவத்தில் ஒருவரும் நினைக்கவில்லை. தாளில் எழுதாத அந்த ஒரு வரிதான் லெப்ரான் குடும்பத்துக்குக் கிடைத்த பெரிய சலுகை என்பேன்.

ஃபிலடெல்ஃபியாவில் 15 நிமிடம்

ப்ரானியின் முதல் என்பிஏ ஆட்டம் அக்டோபர் 22, நமக்கு 23ஆம் தேதி காலை 7.30. எதிரே மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ். இரண்டாம் கால்பகுதியில் நான்கு நிமிடம் மிச்சம் இருக்கும்போது அப்பாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உள்ளே வந்தார்கள். பேஸ்பாலில் மகனோடு ஒரே அணியில் ஆடிய கென் கிரிஃபி சீனியர், அவர் மகனோடு அரங்கில் இருந்தார். மூன்று நிமிடத்துக்கும் குறைவு, இரண்டு ஷாட், இரண்டும் போகவில்லை, ஒரு ரீபவுண்ட். எனக்குக் கண் நிறைந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஒரு விளையாட்டுக் காட்சியாக அது முழுமையாக இருந்தது. அக்டோபர் 30 அன்று, அவர் பிறந்த கிளீவ்லாண்டிலேயே, அரங்கம் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட, முதல் கூடை போட்டார். அதுவும் அழகு.

அழகு அங்கே முடிந்தது. நவம்பரில் சவுத் பே லேக்கர்ஸுக்கு, ஜி லீக் அணிக்கு, அனுப்பினார்கள்; ஆனால் தொடக்கத்தில் சொந்த ஊர் ஆட்டங்கள் மட்டும் என்று ஏற்பாடு. மற்ற பையன்கள் எல்லோரும் வெளியூர் போய் ஆடிவிட்டு வர, ஒருவருக்கு மட்டும் வேறு நேர அட்டவணை. ஒரு வீரர் வளர வேண்டிய இடமே அந்த வெளியூர்ப் பயணம்தான். டிசம்பர் நடுவில் முதல் வெளியூர் ஆட்டத்துக்கு ஃபீனிக்ஸ் பக்கம் போனபோது என்ன நடந்தது? 30 புள்ளி. அந்த ஏற்பாடு அவருக்குப் பாதுகாப்பு கொடுக்கவில்லை, தாமதத்தைத்தான் கொடுத்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

பிறகு ஜனவரி 28. ஃபிலடெல்ஃபியா. ஆட்டத்தின் முதல் பாதியிலேயே, ஆட்டம் முடிவாகாத நேரத்திலேயே, ப்ரானியை இறக்கினார்கள். எதிரே அந்த ஊர் அணியின் நட்சத்திர கார்டு டைரீஸ் மேக்ஸி.

மேக்ஸி பந்தோடு வலப்பக்கம் ஒரு தோளைக் காட்டுவார். அதை நம்பி ஒரு காலடி நகர்ந்தால் போதும், அவர் மறுபக்கம் போயிருப்பார். அனுபவமுள்ளவர்கள் அந்தத் தோளைப் பார்க்க மாட்டார்கள், இடுப்பைப் பார்ப்பார்கள். ப்ரானி கால் வைத்த இடம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது, ஒரு கணம் பிந்தியிருந்தது. என்பிஏவில் அந்த ஒரு கணம்தான் எல்லாமே. மறுமுனையில் பந்து அவர் கைக்கு வந்தபோது, எறிய வேண்டிய கணத்தில் ஒரு துளி யோசித்தார், அந்தத் துளியில் ஆள் வந்து நின்றார். 15 நிமிடம். ஐந்து ஷாட், ஒன்றும் போகவில்லை. புள்ளி பூஜ்யம். மேக்ஸி அன்று 43 எடுத்தார், எல்லாம் ப்ரானி மேல் இல்லை, ஆனால் மறுநாள் எல்லாம் ப்ரானி தலையில் ஏறியது.

தொலைக்காட்சியில் விளையாட்டு விமர்சகர் ஸ்டீஃபன் ஏ. ஸ்மித், ஒரு அப்பாவாகக் கேட்கிறேன், இதை நிறுத்துங்கள் என்று லெப்ரானை நோக்கிக் கெஞ்சினார். மார்ச்சில் ஒரு நிக்ஸ் ஆட்டத்தின் நடுவே, ஆடுகள ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஸ்மித்திடம் லெப்ரான் நேராகப் போய்க் கோபத்தைக் காட்டினார். இரண்டு பெரியவர்கள் ஒரு பையனின் 15 நிமிடத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். வாட்சனுக்கு இப்படி ஒரு இரவு வந்திருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது. வளர்ந்துகொண்டிருக்கும் வீரனுக்கு அது பெரிய கொடை: தெரியாமல் தோற்பது. ப்ரானிக்கு அப்பாவின் பெயர் நான்கு ஆண்டைக் கொடுத்தது, இதை எடுத்துக்கொண்டது.

அந்த இரவுக்குப் பிறகு நடந்ததைத்தான் ப்ரானியின் சொந்தக் கணக்கில் எழுதுகிறேன். ஜி லீகில் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 22 புள்ளி. மார்ச் 20 அன்று மில்வாக்கி பக்ஸுக்கு எதிராக, லேக்கர்ஸின் முக்கிய வீரர்களான லெப்ரான், டான்சிச், ரீவ்ஸ் மூவரும் இல்லாத இரவில், 30 நிமிடம் ஆடி 17 புள்ளி, 10 ஷாட்டுக்கு 7. லேக்கர்ஸ் அன்று நன்றாகவே அடி வாங்கியது, இருந்தாலும் எறிவதற்கு முன் வந்துகொண்டிருந்த அந்தத் துளித் தயக்கம் அன்று இல்லை. பந்து வந்தது, போனது. நான்கு நாள் கழித்து சாண்டா குரூஸ் அணிக்கு எதிராக சவுத் பேக்காக 39 புள்ளி, 21க்கு 14. முதல் பருவ என்பிஏ கணக்கு 27 ஆட்டம், 2.3 புள்ளி, அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஜனவரியில் பார்த்த கார்டும் மார்ச்சில் பார்த்த கார்டும் ஒரே ஆள் இல்லை.

வாட்சனை அந்தப் பருவம் முடியும் முன்பே செல்டிக்ஸ் விடுவித்துவிட்டது. அவர் ஜனவரியில் சறுக்கியிருந்தால், மார்ச்சில் எழுந்து காட்ட அதே ஊரில் அவருக்கு ஒரு மார்ச் கிடைத்திருக்காது. ப்ரானிக்குக் கிடைத்தது. பெயர் வாங்கிக் கொடுத்தது பணத்தை அல்ல, அந்த இரண்டு மாதத்தை.

மற்ற பிள்ளைகள்

வேறு வழியும் உண்டு என்பதற்காகச் சுருக்கமாக. பழைய நட்சத்திரம் ஸ்காட்டி பிப்பனின் மகன் ஸ்காட்டி பிப்பன் ஜூனியரை 2022 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. இதே லேக்கர்ஸில் டூ-வேயாக வந்து, பிறகு மெம்ஃபிஸில் டூ-வேயாக ஆடி, 2024 அக்டோபரில் அங்கே முழு ஒப்பந்தம் வாங்கினார். இன்னொரு பழைய நட்சத்திரம் ஷகீல் ஓநீலின் மகன் ஷரீஃப், லேக்கர்ஸ் சம்மர் லீகில் ஆடியும் என்பிஏ இடம் பெறவில்லை. ஆகவே பெயர் மட்டும் போதும் என்பது பொய். இரண்டு பெரிய பெயர்கள் போதாமல் போயிருக்கின்றன.

ப்ரானிக்கு நெருக்கமான முன்னுதாரணம் ஆஸ்டின் ரிவர்ஸ். 2012இல் 10ஆவதாக வந்தவர், 2015 ஜனவரியில் அப்பா டாக் ரிவர்ஸ் பயிற்சியாளராக இருந்த கிளிப்பர்ஸுக்கு வந்தார். என்பிஏவில் அப்பாவின் கீழ் ஆடிய முதல் மகன். அவருக்கும் இதே ஏச்சு. அந்த ஆண்டு மே மாதம் ஹூஸ்டனுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் 25 புள்ளி எடுத்தார், 2016இல் மூன்று ஆண்டு ஒப்பந்தமும் வாங்கினார். கேள்வி முழுதாக நிற்கவில்லை, ஆனால் அப்பாவின் அணியை விட்டுப் போன பிறகும் வேறு அணிகள் அவரைக் கூப்பிட்டன. வெளி ஆள் ஒருவர் காசு கொடுத்துக் கூப்பிடுவதுதான் இந்த வகை வழக்கில் நான் நம்பும் சாட்சி.

ப்ரானிக்கு அந்தச் சாட்சி வரும் நாள் ஒப்பந்தத் தாளிலேயே இருக்கிறது. நான்காம் ஆண்டு, 2027-28, அணியின் விருப்பம். இடையில் வேறு மாற்றம் ஏதும் நடக்காவிட்டால், 2027 கோடையில் யாரோ ஒருவர் அந்த 24.8 லட்சம் டாலர் வரிக்கு எதிரே ஆம் அல்லது இல்லை என்று எழுத வேண்டும். அப்போது லெப்ரானுக்கு வயது 42 ஆகியிருக்கும். ப்ரானிக்கு 22. மேஜையில் மூன்று பருவத்தின் ஆட்டப் பதிவுகள் இருக்கும், அதில் ஃபிலடெல்ஃபியாவும் இருக்கும், மில்வாக்கியும் இருக்கும்.